சமாதானப் பிரசங்கமும் ஒப்புரவும்

பிரசங்கமும் இலக்கிய வகைகளுள் ஒன்றேயாம். கவிதையையும் நாடகத்தையும் நாவலையும் நுணுகி ஆராயும் நம் எழுத்தாளர்கள், வாரந்தோறும் பல்லாயிரம் மக்கள் செவிகொடுத்துக் கேட்கும் இவ்வகையை ஆராய்ச்சிக்கு உரியதாகக் கொள்வதில்லை. பக்திக்கு உரியதென்று சிலரும், மதப் பிரசாரமென்று சிலரும் அதனை ஒதுக்கிவிடுகின்றனர். சொல்லால் மனத்தை அசைக்க முற்படும் எதுவும் விமரிசனத்துக்கு உட்பட்டதே. அதிலும் ஒற்றுமை, சமாதானம், ஒப்புரவு என்னும் மூன்றைப் பற்றிக் கிறிஸ்தவ ஆராதனைகளில் எழும் சொற்களை ஆராய்வது மிகவும் அவசியம். உலகில் இவற்றினும் எளிதாகப் பேசப்படுவதும் இல்லை. இவற்றினும் அரிதாகச் செய்யப்படுவதும் இல்லை.

சமாதானப் பேச்சின் ஆபத்து யாது? அது யார் வாயிலிருந்து யார் செவிக்குச் செல்கிறது என்பதைப் பொறுத்து, அமுதமாகவும் ஆகலாம், மயக்க மருந்தாகவும் ஆகலாம். அடிபட்டவன் தன் பகையை விடுத்தால் அது பெருந்தன்மை. அடித்தவன் அடிபட்டவனை நோக்கி, “பகையை விடு; நாமெல்லாரும் சகோதரர்” என்றால் அது தந்திரம். இரு வாய்களிலும் வரும் சொற்கள் ஒன்றே, பொருள்தான் வேறு. ஆகவே பிரசங்கத்தை ஆராய்வோன் சொல்லழகை மட்டும் பார்த்தல் போதாது. சொல்லுவோன் நிற்கும் இடத்தையும் பார்த்தல் வேண்டும்.

தமிழ் வேதாகமம் இப்பொருளுக்கு ஆண்டிருக்கும் சொல் ‘ஒப்புரவு’ என்பது. பிரிந்தோர் மீண்டும் கூடுதல் என்னும் பொருளில் அச்சொல் அங்கே வருகிறது. அச்சொல்லே வள்ளுவர் நூலில் 22ஆம் அதிகாரத்தின் தலைப்பிலும் நிற்கிறது. அங்கோ அதன் பொருள் வேறு; ஊரார் யாவர்க்கும் பயன்பட வாழும் கடமையை அது குறிக்கிறது. ஒரு சொல்லுக்குள் இவ்விரு பொருளும் குடியிருப்பது தமிழ் வாசகருக்குக் கிடைத்த நல்லதோர் அளவுகோல். பகை தீர்தல் ஒரு பாதி. உள்ளதை ஒத்துப் பகிர்தல் மறு பாதி. இவ்வளவுகோலைக் கையில் கொண்டு, புகழ்பெற்ற மூன்று எடுத்துக்காட்டுகளை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம். 1940ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் அத்தொழில் நகரத்தைத் தாக்கின. 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். புனித மிக்கேல் பேராலயம் புறச்சுவர்களும் கோபுரமும் மட்டுமே எஞ்ச எரிந்து வீழ்ந்தது. அதன் தலைமைக் குருவாயிருந்த ரிச்சர்ட் ஹோவர்ட், அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் இடிபாடுகளுக்கிடையேயிருந்து வானொலியில் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தை விலக்குவது கடினம் என்பதை அவர் மறைக்கவில்லை. எனினும் அதனை விலக்க முயல்வதாகவும், போர் முடிந்தபின் அன்பு மிகுந்ததோர் உலகை அமைக்கப் பாடுபடுவதாகவும் சொன்னார். குண்டுவீச்சு ஓயாத காலத்தில், மக்கள் பழிக்குப் பழி கேட்டுக் கொண்டிருந்த வேளையில், இது எளிய பேச்சன்று.

பின்னர் அவ்விடிந்த ஆலயத்தின் பீடத்துக்குப் பின்னுள்ள சுவரில் அவர் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார். தந்தையை விளித்து மன்னிப்பை வேண்டும் சொற்கள் அவை. சிலுவையில் இயேசு செய்ததாக லூக்கா எழுதும் வேண்டுதலில், மன்னிக்கப்பட வேண்டியவர் ‘இவர்கள்’ என்று சுட்டப்படுகின்றனர். ஹோவர்ட் அந்தச் சுட்டை விட்டுவிட்டார். ஆங்கிலத்தில் அவ்வினைச்சொல் பெரும்பாலும் செயப்படுபொருளை வேண்டி நிற்பது. எனவே அது இல்லாத இடம் காதில் வெறுமையாக ஒலிக்கிறது. அவ்வெறுமையில் கேட்போன் தன்னையும் வைத்துக்கொள்ள வேண்டியவனாகிறான். ஒரு சொல்லைச் சேர்த்துப் புகழ் பெற்ற எழுத்தாளர் பலர். ஒரு சொல்லை நீக்கி ஒரு நூற்றாண்டின் மனச்சாட்சியைத் தொட்டவர் சிலரே.

அச்சொல் நீங்கியதன் பொருள் 1945 பிப்ரவரியில் மேலும் விளங்கிற்று. அப்பொழுது பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தை எரித்தன. சுமார் 25,000 பேர் மாண்டனர். ‘இவர்களை’ என்று ஹோவர்ட் எழுதியிருந்தால், அக்கல்வெட்டு டிரெஸ்டனுக்குப் பின் பொய்யாகியிருக்கும்.

1958இல் அப்பேராலயத்தின் குருவாகிய ஜோசப் பூல் இவ்விரு சொற்களையே மறுமொழியாகக் கொண்டு ஒப்புரவு மன்றாட்டு ஒன்றை இயற்றினார். பழைய மரபு வகுத்த ஏழு பாவங்களை அவர் தனி மனிதர் குற்றங்களாக நிறுத்தாது சமுதாயக் குற்றங்களாக விரித்தார். இனத்தை இனம் வெறுப்பதும், தமக்குரியதல்லாததை நாடுகள் கவர விரும்புவதும், மனிதர் உழைப்பைச் சுரண்டும் பேராசையும், வீடற்றோர்பால் காட்டும் அலட்சியமும் அதில் பெயர் சொல்லிக் கூறப்படுகின்றன. இதுவே அம்மன்றாட்டின் சிறப்பு. ‘நாமெல்லாரும் பாவிகள்’ என்று பொதுப்படச் சொல்லி முடிப்பது எளிது. அப்படிச் சொன்னால் யாவரும் கடன்பட்டோராகி, எவரும் கடன் தீர்க்க வேண்டாதோராகி விடுவர். குற்றத்தைப் பெயரிட்டுச் சொன்னாலன்றி மன்னிப்புக் கேட்பதில் பொருளில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு நமக்கு அண்மையது. 1941 முதல் சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் பேராயராயிருந்த லெனார்ட் வில்சன், ஜப்பானியர் ஆட்சியில் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். துறைமுகத்தில் கப்பல்கள் வெடித்து மூழ்கியதற்குச் சிறையிலுள்ளோர் உளவே காரணம் என்று ஐயுற்ற கெம்பெத்தாய் என்னும் இராணுவப் போலீசார், 1943 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிப் பலரைப் பிடித்துச் சென்று வதைத்தனர். அவருள் பேராயரும் ஒருவர். போருக்குப்பின், 1946இல், அவர் லண்டன் வானொலியில் ஆற்றிய பிரசங்கம் இவ்வகையில் ஒரு பெரும் படைப்பு.

அதன் உயிர்நிலை அதன் உண்மையிலே இருக்கிறது. அடிபடும்போது மன்னிப்பு வேண்டும் சொற்களைத் தாம் முணுமுணுத்ததாகக் கூறிய அவர், உடனே தம்மையே சந்தேகிக்கிறார். அது நடிப்போ, உண்மையில் மன்னிக்க விரும்பினேனா என்று கேட்டுக்கொள்கிறார். சுற்றி நின்று அடித்தவர் முகங்கள் கொடியனவாயிருந்தன. சிலர் அக்கொடுமையில் இன்பமே கண்டனர் என்று ஒளிக்காமல் சொல்கிறார். பிறகு அவர்களைக் குழந்தைகளாக, பெற்றோர் அன்பில் விளையாடித் திரிந்த சிறுவர்களாக எண்ணிப் பார்த்ததையும், அந்நினைவு வெறுப்பைக் கரைத்ததையும் கூறுகிறார். அதுவும் போதாதென்று, அவர்கள் இனி எத்தகையோர் ஆகக்கூடும் என்பதையும் மனத்தில் கண்டதாகச் சொல்கிறார். பின்னர் அவ்வதைத்தோருள் ஒருவருக்குத் தாமே திடப்படுத்தல் சடங்கை நடத்தும் வாய்ப்பும் அவருக்கு நேர்ந்தது.

இப்பிரசங்கத்தில் அலங்காரம் இல்லை, அதிசயமும் இல்லை. தன்னை வீரனாகக் காட்டும் ஆசையைப் பேசுவோனே கண்டு பிடித்துவிடுவதால், கேட்போனுக்குச் சந்தேகிக்க இடமில்லாமற் போகிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தம் முதுகில் விழுந்த அடியை மட்டுமே அவர் மன்னிக்கிறார். பிறர் முதுகில் விழுந்ததை மன்னிக்க அவர் முன்வரவில்லை. மன்னிப்பு அடிபட்டவனுடைய சொத்து. அதைப் பிறர் எடுத்துத் தானம் செய்ய முடியாது.

இவ்விடத்தில் நம் தோட்டத்து மக்களை நினையாமல் இருத்தல் இயலாது. அதே ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டனர். மேல்நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் அங்கே மடிந்தனர். ஆசியத் தொழிலாளருள் மடிந்தோர் சுமார் 90,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் இவருள் பெருந்தொகையினர். காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயரோடு நிற்கின்றன. நம்மவர் புதைந்த இடங்களில் மிகப் பலவற்றுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களுக்கு வானொலி கிடைக்கவில்லை. மன்னித்தேன் என்றோ மன்னியேன் என்றோ சொல்ல வாய் கிடைக்கவில்லை. அவர்கள் சார்பில் மன்னிப்பு வழங்கும் பிரசங்கம் எத்துணை இனிமையாயிருப்பினும், அது பிறர் பெட்டியிலிருந்து எடுத்த காணிக்கையே. அவர்களுக்கு முதலில் வேண்டியது மன்னிப்பைப் பற்றிய பேச்சன்று, பெயர்.

மூன்றாவது எடுத்துக்காட்டு தமிழ்நாட்டுத் திருச்சபை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபைகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் முன்பே கூடி அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் ஒன்றாயின. தென்னிந்தியத் திருச்சபை அவ்வாறு பிறந்தது. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகப் பிரிந்து கிடந்தவை இந்திய மண்ணில் கூடின. உலகமே இதை வியந்தது, வியக்கத்தக்கதே.

ஆனால் ஐரோப்பியர் கொண்டுவந்த சுவரை இடித்ததைப் போல, நம்மவர் எழுப்பிய சுவரை இடித்தோமா? 1833இலேயே கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்று கட்டளை விடுத்தார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் அதற்குப் பணிய மறுத்து விலகி நின்றனர். 1872இல் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம், இரு சாதியார் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தை நோக்கியிருக்கும்படி, இரு கால்களாகப் பிரிந்த வடிவில் கட்டப்பட்டது. அன்பைப் பற்றி அங்கே எத்தனை பிரசங்கங்கள் நிகழ்ந்திருக்கும்! அத்தனையையும் அக்கட்டடத்தின் வடிவம் ஒன்றே மறுத்துப் பேசிற்று. 2008இலும் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் ஒரே சபையின் இரு சாதியாரிடையே கலகம் மூண்டது என்பதை மறக்கலாகாது.

இந்நிலையில், தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வகுத்த திருவிருந்து ஆராதனையில் ஒரு சிறு செயல் இடம்பெற்றது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் மரபினின்று எடுக்கப்பட்ட அதன்படி, சபையோர் ஒருவர்க்கொருவர் கையோடு கை சேர்த்துச் சமாதானத்தைப் பகிர்கின்றனர். அது பீடத்திலிருந்து தொடங்கி வரிசை வரிசையாகச் சென்று கடைசி ஆள் வரைக்கும் சேர்கிறது. மேல்நாட்டானுக்கு இது ஓர் இனிய மரியாதை. தொடுதலே தீட்டென்று கருதப்பட்ட நாட்டிலோ, இஃது ஆயிரம் பிரசங்கங்களுக்குச் சமம். சொல்லைக் காதால் வாங்கி மறந்துவிடலாம். கையை நீட்ட மறுத்தால் ஊரே பார்க்கும். அச்செயலை வகுத்தோர், அறிந்தோ அறியாமலோ, தமிழ்நாட்டுக்கு வேண்டிய பிரசங்கத்தைச் சொல்லின்றி எழுதிவிட்டனர். எனினும் ஆலயத்தில் சேர்ந்த கை இடுகாட்டில் பிரியுமானால், அது சடங்காகவே நின்றுவிடும்.

இவற்றிலிருந்து நாம் பெறுவது யாதெனின்: சமாதானப் பிரசங்கம் கேட்கும் ஒவ்வொருவரும், அவர் எந்த மதத்தினராயினும் மதமே வேண்டாதாராயினும், மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். பேசுவோன் தன் காயத்தை மன்னிக்கிறானா, பிறன் காயத்தையா? குற்றத்தைப் பெயரிட்டுச் சொல்கிறானா, பொதுவில் கரைத்துவிடுகிறானா? பேசி முடிந்தபின் யார் எங்கே உட்காருகிறார், யார் எங்கே புதைக்கப்படுகிறார் என்பதில் ஏதேனும் மாறுகிறதா? முதல் கேள்விக்கு வில்சனும், இரண்டாவதற்குக் கவென்ட்ரியும் நல்ல விடை தந்தனர். மூன்றாவதற்கு விடை இன்னும் நம் கையில் இருக்கிறது.

பிரசங்கியாரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. கேட்போர் கூர்மையாகக் கேட்டால் பேசுவோர் உண்மையாகப் பேசுவர். ஒப்புரவு என்னும் நம் சொல்லின் இரு பாதியையும் ஒருங்கே கேட்போம். ஒரு பாதியை மட்டும் கொடுத்தால், மறு பாதி எங்கே என்று மரியாதையுடன் வினவுவோம்.