விளக்கு மெய் சொல்கிறதா?

பழைய கணினியை இன்று இயக்கிப் பார்க்க அதன் இரும்புப் பெட்டி வேண்டியதில்லை. பாப் சுப்னிக் 1993இல் தொடங்கிய சிம்எச் எமுலேட்டர், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி வரிசைக் கணினிகளை மென்பொருளாகவே நடத்திக் காட்டுகிறது. அந்தக் காலத்து நிரல்கள் அதில் அப்படியே ஓடுகின்றன. அப்படியிருக்க, எமுலேட்டருக்கு முன்னால் விளக்கும் சுவிட்சுமாக ஒரு முகப்புப் பலகையைச் செய்து வைப்பதால் என்ன கூடுகிறது?

இதை எடைபோட ஆஸ்கர் வெர்முலன் வடிவமைத்த பைடிபி தொகுப்புகள் ஏற்றவை. 1968இல் வந்த பிடிபி-8/ஐ, 1975இல் வந்த பிடிபி-11/70 ஆகிய இரண்டின் முகப்புகளையும் அவை சிறிய அளவில் மறுபடியும் உருவாக்குகின்றன. எல்இடிகளையும் சுவிட்சுகளையும் நாமே பலகையில் பற்றவைத்து, பின்புறம் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியைப் பொருத்தினால் அதில் சிம்எச் ஓடும். பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் அழகு இங்கே அளவுகோலாகாது. அந்தக் கணினிகளில் முகப்புக்கு இரண்டு வேலைகள் இருந்தன: உள்ளே நடப்பதைக் காட்டுவது, வெளியிலிருந்து இடும் ஆணையை உள்ளே சேர்ப்பது. ஆகவே கேட்க வேண்டியவையும் இரண்டுதான். சுவிட்சுக்கு அதிகாரம் உண்டா? விளக்கு மெய் சொல்கிறதா?

சுவிட்சை முதலில் பார்ப்போம். நினைவகம் வெறுமையாக இருக்கும் பிடிபி-8/ஐயில், காகித நாடாவைப் படிக்கும் நிரலையே கையால்தான் ஏற்ற வேண்டும். 12 சுவிட்சுகளில் 7756 என்ற எட்டடிமான எண்ணை அமைத்து முகவரியை ஏற்ற வேண்டும். பிறகு 6032, 6031, 5357 என்று 16 சொற்களை ஒவ்வொன்றாக அமைத்து உள்ளே இட வேண்டும். இதையே விசைப்பலகையில் தட்டினாலும் எமுலேட்டர் ஏற்றுக்கொள்ளும். கிடைக்கும் அறிவு மட்டும் வேறு. 6032ஐச் சுவிட்சில் அமைப்பவர் 110 000 011 010 என்று பிட் பிட்டாக அமைக்கிறார். முதல் மூன்று சுவிட்சுகள் இது உள்ளீட்டு வெளியீட்டுக் கட்டளை என்கின்றன. அடுத்த ஆறு, மூன்றாம் எண் சாதனத்தை, அதாவது விசைப்பலகையையும் நாடா படிப்பானையும், சுட்டுகின்றன. கடைசி மூன்று, செய்ய வேண்டிய வேலையைச் சொல்கின்றன. கட்டளையின் உடற்கூறு விரலுக்குப் பிடிபடுகிறது. திரையில் தட்டும் எண் இந்தக் கூறுகளை மறைத்துவிடும்.

பிடிபி-11/70இல் அதிகாரம் இன்னொரு விதமாக வருகிறது. 17777570 என்ற முகவரியைப் படிக்கும் நிரலுக்குச் சுவிட்சுகளின் நிலை கிடைக்கும். அதே முகவரியில் எழுதினால் எழுதிய எண் விளக்குகளில் காட்டப்படும். மறுவடிவிலும் இது இயங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு கையால் பேச முடிகிறது. சுவிட்சு பற்றிய முதல் கேள்வியில் இரண்டு பலகைகளும் தேறுகின்றன.

விளக்குகளைச் சோதிப்பது இதைவிடக் கடினம். பிடிபி-8/ஐயின் நினைவகச் சுழற்சி 1.5 மைக்ரோ விநாடி. பதிவகங்களில் நடக்கும் மாற்றங்களைக் கண் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அசல் பலகையில் இருந்தவை இழை விளக்குகள். இழை சூடாகவும் ஆறவும் நேரம் எடுக்கும். எந்த பிட் எவ்வளவு நேரம் 1 ஆக இருந்தது என்பதை அதன் பிரகாசமே சொன்னது. எல்இடிக்கு இந்தத் தாமதம் கிடையாது. எமுலேட்டரின் நிலையை அவ்வப்போது எட்டிப் பார்த்து எல்இடியை எரியவிட்டால், நிரல் பெரும்பகுதி நேரம் செய்யும் வேலை கண்ணில் படாமல், தற்செயலாகச் சிக்கிய ஒரு கணம் மட்டும் தெரியும். அப்படிப்பட்ட பலகை வெறும் அலங்கார மின்னல்.

பைடிபி-8/ஐயின் மென்பொருள் இந்தக் குறையை நேராக எதிர்கொண்டது. ஒவ்வொரு பிட்டும் எவ்வளவு நேரம் எரிந்தது என்று எண்ணி, அதற்கேற்ப எல்இடியின் பிரகாசத்தை மாற்றுகிறது. இழை மெல்ல ஏறி மெல்ல இறங்குவதையும் கணக்கிட்டுச் செய்கிறது. இந்த முயற்சியிலேயே மிக உயர்ந்த வேலையாக நான் கருதுவது இதைத்தான். பெட்டியையும் வண்ணத்தையும் படம் பார்த்துச் செய்துவிடலாம். விளக்கின் பிரகாசத்துக்கும் நிரலின் நடத்தைக்கும் இடையே இருந்த உறவை மீட்க, கணினியைப் புரிந்துகொண்டாக வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு: எமுலேட்டரை அசல் கணினியின் வேகத்துக்குக் கட்டுப்படுத்தி ஓட்ட வேண்டும். கட்டவிழ்த்துவிட்டால் சாதன வேலைகளுக்கும் கணக்கு வேலைகளுக்கும் இடையிலான கால விகிதம் மாறும்; விளக்கும் வேறு கதை சொல்லும்.

இனி குறைகள். சிம்எச் ஒரு கட்டளையை ஒரே படியாக நிறைவேற்றுகிறது. கட்டளைக்குள் நடக்கும் நினைவகச் சுழற்சிகள் அதற்குத் தனித்தனி நிகழ்வுகளாக இல்லை. பிடிபி-8/ஐ முகப்பிலோ அந்தச் சுழற்சிகளுக்கென்றே ஆறு விளக்குகள் உண்டு: ஃபெட்ச், எக்ஸிகியூட், டிஃபர், வேர்ட் கவுண்ட், கரன்ட் அட்ரஸ், பிரேக். மறுவடிவில் இவை கட்டளையைப் பார்த்து ஊகித்து ஏற்றப்பட வேண்டியவை. ஒரே ஒரு சுழற்சி மட்டும் நகர்த்த உதவிய சிங் ஸ்டெப் சுவிட்சுக்கு உரிய வேலை இல்லாமற் போய்விட்டது. அதை மற்றச் சுவிட்சுகளோடு சேர்த்து, ராஸ்பெர்ரி பையை நிறுத்தவும் யூஎஸ்பி நினைவகத்தை இணைக்கவும் பயன்படுத்துகிறார்கள். வசதிதான், ஆனால் 1968இன் கணினியில் இல்லாத ஒரு பொருளை 1968இன் சுவிட்சு ஆள்கிறது. 11/70இலும் இதே சிக்கல்தான். அதன் திருகியில் நுண்நிரல் முகவரியைக் காட்டுவதற்கென்று ஓர் இடம் உண்டு. நுண்நிரலே இல்லாத எமுலேட்டர் அங்கே எதைக் காட்டும்?

மின்சாரத்தைத் துண்டிக்கும்போது வேற்றுமை இன்னும் ஆழமாகத் தெரிகிறது. பிடிபி-8/ஐயின் காந்த வளைய நினைவகம், மின்சாரம் போனாலும் உள்ளடக்கத்தை வைத்திருக்கும். நேற்று கையால் ஏற்றிய 16 சொற்கள் இன்றும் அங்கே இருக்கும். மறுவடிவில் மின்சாரத்தை அப்படியே பிடுங்கினால் நினைவகம் போகும். ராஸ்பெர்ரி பையில் ஓடும் லினக்ஸை முறையாக நிறுத்தாததால் எஸ்டி அட்டையும் கெடக்கூடும்.

இந்தக் குறைகளுக்குப் பலகையைப் பொறுப்பாக்க முடியாது என்பதற்குச் சான்று உண்டு. பிடிபி-2011 என்ற எஃப்பிஜிஏ வடிவமைப்பு, பிடிபி-11 கணினியை மின்சுற்றாகவே எழுப்புகிறது. பைடிபி-11இன் பலகையையும் அதனோடு இணைக்கலாம். பலகை ஒன்றே, பின்னால் நிற்பது மட்டும் வேறு. முகப்பு எவ்வளவு ஆழத்துக்கு மெய் பேசும் என்பதை நிர்ணயிப்பது அதன் பின்னால் இருப்பதே.

அசல் கணினிகள் அருங்காட்சியகங்களில் இருக்கும்போது மறுவடிவு எதற்கு என்று கேட்போர் உண்டு. சியாட்டிலின் லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகம் பழைய கணினிகளை ஓடும் நிலையில் வைத்துப் பார்வையாளர்களைத் தொடவிட்டது. 2020இல் அடைத்த கதவுகள் மீண்டும் திறக்கவில்லை. 2024இல் அதன் சேகரிப்பில் ஒரு பகுதி கிறிஸ்டீஸ் ஏலத்துக்குப் போனது. ஒரே இடத்தை நம்பியிருக்கும் அறிவு அந்த இடத்தோடு போய்விடும். மாணவர் தயங்காமல் தொட்டு, தப்பு செய்து, திரும்பவும் தொடங்க ஒரு பலகை பல ஊர்களில் இருக்க வேண்டும்.

இரண்டு பலகைகளில் எது மேல் என்று கேட்டால் தயக்கமின்றி பைடிபி-8/ஐ என்பேன். அதன் 89 விளக்குகளில் 60, ஐந்து பதிவகங்களின் பிட்டுகளை நேராகக் காட்டுபவை. சுழற்சி விளக்குகள் ஆறு மட்டுமே. கணினியின் பெரும்பகுதி கண்முன் திறந்து கிடக்கிறது. அசலுக்கு 6:10 அளவில் வரும் 11/70இன் முகப்பு ஒரு நேரத்தில் ஒரு முகவரியையும் ஒரு தரவையும் மட்டும் காட்டுகிறது. சுவிட்சில் எண் அமைத்து இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்ததும் வேலை முனையத்துக்குப் போய்விடுகிறது. யூனிக்ஸை அதன் காலத்து முகத்தோடு காண விரும்புவோருக்கு அது நிறைவளிக்கும். கணினி எப்படி இயங்குகிறது என்று கற்க வருபவருக்கு முன்னதே ஆசான்.

என் தீர்ப்பு இதுதான். கட்டளை என்ற மட்டம் வரை பைடிபி-8/ஐ நம்பத்தக்க கருவி. அதற்குக் கீழே அதை நம்பக் கூடாது. எந்த விளக்குகள் அளந்து எரிகின்றன, எவை ஊகித்து எரிகின்றன என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். சிங் ஸ்டெப் சுவிட்சுக்கு அயல் வேலை கொடுப்பதைவிட அதைச் சும்மா விடுவது நேர்மையானது. இந்த இரண்டையும் திருத்திக்கொண்டால், கணினி அமைப்பியல் கற்பிக்கும் எந்த வகுப்பறைக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.