ஏதுவும் அவையும்

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையை நாம் யாரும் படிப்பதில்லை. விட்டுவிடுவதை ஒரு ரசனையாகவே பாவித்து வந்திருக்கிறோம். அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்து, பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று எண்ணிக் கொடுக்கும் இடம் அது. கவிதை அல்ல, பாடப்புத்தகம் என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் நானும் கையெழுத்துப் போட்டவன். இப்போதும் அதைக் கவிதை என்று நிரூபிக்க வரவில்லை. காவியத்தில் அது வைக்கப்பட்டிருக்கும் இடம்தான் என் விஷயம்.

இருபத்தேழாம் காதையில், வஞ்சியில், மணிமேகலை சமயக்கணக்கர் ஒவ்வொருவரின் கட்சியையும் கேட்கிறாள். எதுவும் அவளை நிறுத்தவில்லை. பிறகு காஞ்சியில் தர்க்கம் கற்கிறாள். முப்பதாம் காதையில்தான் நோன்பு. ஆனால் பசித்தவனுக்குச் சோறு என்பது அவளுக்கு இதற்கெல்லாம் வெகு முன்பே, அமுதசுரபி கைக்கு வந்தபோதே தெரிந்துவிட்டது. அறம் அவளுக்குத் தர்க்கத்திலிருந்து வரவில்லை. அறத்தின் பெயரால் பிறர் சொல்வதைச் சோதிக்கத் தர்க்கம் வேண்டியிருந்தது. இந்த வரிசையைச் சாத்தனார் தெரிந்தே செய்திருக்கிறார் என்பது என் கட்சி.

இன்று யந்திரத்துக்கு அறம் கற்பிக்க முயல்கிறவர்கள் இந்த வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். ‘செய்ய வேண்டும்’, ‘செய்யலாம்’, ‘செய்யக் கூடாது’ என்பவற்றுக்கு 1951இல் வான் ரைட் ஒரு குறியீட்டுத் தர்க்கம் அமைத்தார். 1963இல் சிஸம் அதன் மேல் ஒரு சிக்கலை வைத்தார். கடமை ஏற்கெனவே தவறிப்போன பின் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சாதாரணமான நான்கு வாக்கியங்களை அந்த அமைப்பில் எழுதினால், ஒன்று முரண்பாடு வருகிறது, அல்லது ஒரு வாக்கியம் மற்றொன்றில் அடங்கி வீணாகிறது. நம் வாழ்வோ பெரும்பாலும் கடமை தவறிய பிறகுதான் தொடங்குகிறது.

1995இல் பான் மின் டுங் வேறு வழி பார்த்தார். வாதத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை விட்டுவிடு. எந்த வாதம் எதைத் தாக்குகிறது என்று மட்டும் அம்புக்குறி போடு. தன்னைத் தாக்குவதையெல்லாம் திருப்பித் தாக்கித் தற்காத்துக்கொள்ளும் வாதக் கூட்டமே நிற்கும். யந்திர அறம் பேசுகிறவர்களில் பலர் இன்று இந்தப் படத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்கள்.

ஆபுத்திரன் கதையை இதில் போட்டுப் பார்க்கலாம். வேள்விப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனவனை அந்தணர்கள் பிடிக்கிறார்கள். பிறந்த நாள் முதல் பாலூட்டுகிற இதனோடு உங்களுக்கு என்ன பகை என்று கேட்கிறான். வேதம் அறியாதவன், ஆ மகன் என்று ஏசுகிறார்கள். பிறப்பைப் பற்றிய அந்த அம்பு பசுவைப் பற்றிய எந்த வாதத்திலும் போய்த் தைக்கவில்லை. டுங்கின் படம் அதை உடனே உதிர்த்துவிடும். தர்க்கத்தின் லாபம் இது, சிறிய லாபம் அல்ல. ஆனால் மிஞ்சுவது இரண்டு: வேதவிதி, பசுவின் உயிர். ஒன்றை மற்றது தாக்குகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கும். எது என்று படம் சொல்லாது.

இதற்கு 2003இல் பென்ச் கேப்பன் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வாதத்துக்குப் பின்னும் ஒரு மதிப்பு இருக்கிறது. எது உயர்ந்தது என்ற வரிசையைக் கேட்பவர்கள் தருகிறார்கள். உயர்ந்த மதிப்பைத் தாழ்ந்தது வீழ்த்த முடியாது. கேட்பவர்கள் என்றால் அவை. அந்தக் கிராமத்தின் அவை எது என்பதில் ரகசியம் இல்லை. ஆபுத்திரன் வாதத்தில் தோற்கவில்லை, அவையில் தோற்றான். பிச்சைப் பாத்திரத்தில் கல் போட்டார்கள். கணிதம் இங்கே பொய் சொல்லவில்லை. அவையைத் தேர்ந்தவன் யார் என்ற கேள்வியை அது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் வங்கிக் குமாஸ்தா. சில வருஷங்களுக்கு முன் முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் கடன் கேட்டு வந்தாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தையல் மெஷின்கள் போய், சில மாதம் தவணை தவறி, பிறகு முழுதும் கட்டித் தீர்த்தவள். திரையில் ஒரு மதிப்பெண் வந்தது, இல்லை என்றேன். “ஏன் சார்?” என்றாள். திரையில் இருந்த வாக்கியத்தை வாசித்துக் காட்டினேன். வெள்ளத்தை எழுத அதில் கட்டம் இல்லை.

அன்று இரவு இருபத்தொன்பதாம் காதையை எடுத்தேன். ‘இவள் கட்டமாட்டாள், முன்பு தவறியதால்’ என்பது வாதமானால், தவறியது என்ற ஏது கட்டாதவர்களிடமும் இருக்கிறது, கட்டியவர்களிடமும் இருக்கிறது. இரு பக்கமும் ஓடுகிற ஏது. அநைகாந்திகத்தில் முதல் வகை, சாதாரணம். பெயர் வைத்து எண்ணியிருக்கிறார்கள். மதிப்பெண் நிச்சயத்தைச் சொல்லவில்லை, சாத்தியத்தைத்தான் சொல்கிறது என்று புள்ளியியல்காரர் பதில் சொல்வார். சரிதான். அது ஆயிரம் பேரைப் பற்றிய பதில். கேட்டவள் ஒருத்தி.

தமிழக அரசு 2020இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கை வெளிப்படைத்தன்மையையும் தணிக்கையையும் கேட்கிறது. அமைப்புகளை அளக்க அதிலும் ஒரு மதிப்பெண் அட்டைதான். இப்போது வரும் மொழி யந்திரங்களோ காரணத்தைச் சரளமாகச் சொல்கின்றன. சொன்ன காரணம் முடிவை உண்டாக்கிய காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று 2023இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். முடிவுக்குப் பிறகு தைத்து ஒட்டிய ஏது. அடிகளின் 14இல் இது இல்லை. பதினைந்தாவதாகச் சேர்க்க வேண்டியதுதான்.

தர்க்கம் யந்திரத்தை நல்லதாக்கும் என்று நான் நம்பவில்லை. மணிமேகலையையே அது நல்லவளாக்கவில்லை. அதனிடம் நான் கேட்பது குறைவு: ஏதுவை வெளியே வை, தாக்க இடம் விடு, மதிப்புகளின் வரிசையை எழுது, அதை வகுத்த அவையின் பெயரைப் போடு. இவ்வளவும் இருந்தால் கௌன்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் வாசிப்பவனாக மட்டும் இருக்க மாட்டான், பதில் சொல்ல வேண்டியவனாவான். அந்த அம்மாளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.