வெடி என்ற ஒரு சொல்

நமது போர்க்காலச் சிறுகதைகளைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போது ஒரு விடயம் என்னை உறுத்துகின்றது. துவக்குச்சூடு வருகின்ற இடத்தில் கதாசிரியர் பெரும்பாலும் 'டுமீல்' என்றோ, 'வெடிச்சத்தம் கேட்டது' என்றோ எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதலாவது சினிமாவிலிருந்து வந்தது. இரண்டாவது பத்திரிகைச் செய்தியிலிருந்து வந்தது. காதால் கேட்டு எழுதியவை மிகச் சில.

கிழக்கின் வயற்கிராமத்து இரவில் எத்தனை வெடி! யானையைத் துரத்த யானைவெடி, பன்றிக்குக் கட்டுத்துவக்கு. நத்தார், சித்திரைப் புதுவருடம், தீபாவளி என்றால் பக்கத்து ஊர்களில் சீனவெடி. பெருநாள் இரவில், பெரியவர்கள் ஏசினாலும், நம் பிள்ளைகளும் விட்டுவைப்பதில்லை. இவற்றுக்கு நடுவேதான் ரி-56 சத்தமும் வந்தது. ஆனாலும் ஊர்ப்பேச்சு குழம்பவில்லை. பெயர்ச்சொல் ஒன்று, வினை வேறு. பிள்ளைகள் வெடி கொளுத்துவார்கள். ஆயுதக்காரன் வெடி வைப்பான். அகப்பட்டவனுக்கு வெடி படும். "அவனுக்கு வெடி வெச்சிட்டானுகள்" என்று ஒருவர் சொன்னால் எவரும் விளக்கம் கேட்டதில்லை.

செய்தித்தமிழ் இந்த வினையைத்தான் வெட்டியெறிந்தது. 'வெடிச்சத்தங்கள் கேட்டதாகப் பிரதேசவாசிகள் தெரிவித்தனர்' என்ற வாக்கியத்தில் கேட்டவர் உண்டு, வைத்தவர் இல்லை. நிருபரை மட்டும் குறைசொல்ல நான் வரவில்லை. 1998இலும் 2000இலும் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை இருந்தது. அதைவிட, பிராந்திய நிருபர் செய்தி எழுதிய அதே ஊரில்தான் வெடி வைத்தவனும் திரிந்தான். எழுவாய் இல்லாத வாக்கியம் அவருக்கு உயிர்க்காப்பு. கதை எழுதுகிறவருக்கு, அதுவும் போர் முடிந்து இத்தனை வருடங்களின் பின், அந்தக் காப்பு எதற்கு?

கொண்டாட்ட நாட்களில் இந்தக் குறை இன்னும் பெரிதாகிறது. 2005 டிசம்பர் 25ஆம் திகதி, மட்டக்களப்பில் நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். 2008 ஜனவரி 1ஆம் திகதி கொழும்பு பொன்னம்பலவாணேசர் ஆலயத்தில் தி. மகேஸ்வரன். இரண்டும் ஊரெங்கும் சீனவெடி கொளுத்துகின்ற நாட்கள். அத்தகைய நாளில் சத்தத்துக்கு எவரும் திடுக்கிடுவதில்லை.

அப்படியானால் எதைக்கொண்டு பிரித்தறிவது? சீனவெடிக் கட்டில் திரி எரிகின்ற போக்கில் இடைவெளி கூடும், குறையும். ஒன்றிரண்டு நமுத்துச் 'சுர்'ரென்று போகும். ரி-56 தொடர்ச்சூட்டில் நிமிடத்துக்குச் சுமார் 600 என்ற வேகம். தையல் இயந்திரம் ஓடுவதுபோல ஒரே சீர். அதன் ரவை ஒலியைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகமானது. ஆகையால் நம் பக்கமாக வரும்போது தலைக்குமேல் சாட்டை சொடுக்கிய சத்தம் முன்னும், துவக்கின் கனத்த சத்தம் பின்னுமாகக் கேட்கும். என் உம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "சீனவெடிக்குப் பொறகு புள்ளயள் கத்துவாங்க, துவக்கு வெடிக்குப் பொறகு ஊர் அடங்கிரும்" என்பார். தனி வெடி ஒன்றானால் அவரும் தடுமாறுவார். கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி அடுத்த சத்தத்துக்குக் காத்து நிற்பார். அந்த அரை நிமிடத்தை நம் கதைகளில் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2009 மே 19ஆம் திகதி போர் முடிந்ததாகப் பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது தென்னிலங்கைத் தெருக்களில் சீனவெடி கொளுத்தினார்கள். துவக்கு ஓய்ந்ததற்காகக் கொளுத்திய வெடி! அதை நமது ஊர்களில் எந்தக் காதோடு கேட்டோம் என்பதும் போதிய அளவு எழுதப்படவில்லை. 2019 ஏப்ரல் 26இல், புதுவருடம் கழிந்து இரண்டு வாரம் ஆகுமுன், சாய்ந்தமருதில் துப்பாக்கிச் சண்டையும் குண்டுவெடிப்பும் நடந்தன. அந்த இரவைப் பற்றி எழுத முற்படுபவருக்கும் 'வெடிச்சத்தம்' என்ற பழைய சொல்தான் முதலில் கைக்கு வரும்.

அண்மையில் தரம் பத்து மாணவர்களிடம் 'வெடி வைத்தார்கள்' என்பதை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னேன். அநேகமானோர் கல்லுடைக்கும் மலையை எழுதினார்கள். இருவர் கலியாண வீட்டை எழுதினார்கள். மற்றப் பொருளை அவர்களுக்குக் காட்டலாமென்று அலுமாரியைத் துழாவினேன். கையில் அகப்பட்டவை மூன்றே கதைகள்.