சுடும் விதி யாருக்குத் தெரியும்?

2025 நவம்பர் 24 அன்று மலாக்கா, டுரியான் துங்கலில் நம் சமூகத்து இளைஞர்கள் மூவர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாராங் கத்தியோடு பாய்ந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. இறந்தவர்கள் மீதே கொலை முயற்சி என்று விசாரணை தொடங்கியது. குடும்பத்தார் ஓர் ஒலிப்பதிவை வெளியிட்ட பிறகுதான், டிசம்பரில், சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அதைக் கொலை விசாரணையாக மாற்றச் சொன்னது. அதற்குப் பிறகும் நம் நிபோங் திபால் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு வாதம் ஓயவில்லை: குண்டர்கள் முன்னால் போலீஸ் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டா நிற்க முடியும்?

முடியாதுதான். கத்தி பாயும்போது யோசிக்க நேரமில்லை. 2024 மே மாதம் உலு திராம் காவல் நிலையத்தில் இரு காவலர்கள் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. குண்டர் கும்பல்களால் அதிகம் அல்லல்படுவதும் நம் குடும்பங்களே.

ஆனால் அந்த ஒரு நொடி சரியா தவறா என்று பிறகு எதை வைத்துப் பார்ப்பது? எப்போது சுடலாம், எப்போது எச்சரிக்க வேண்டும் என்பதெல்லாம் காவல்படைத் தலைவரின் நிலையான உத்தரவுகளில் இருக்கின்றன. அந்த உத்தரவுகள் மக்கள் பார்வைக்கு வருவதில்லை. பல ஆண்டுகளாக என் ஆட்சேபம் இதுதான். ஒருவன் உயிரை எடுக்க அனுமதிக்கும் விதி, அவனைப் பெற்றவர்களுக்கே தெரியக்கூடாத விதியாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஆயுதம் ஏந்தும் காவலருக்கான வழிகாட்டியை யாரும் படிக்கலாம். இந்தியாவில் என்கவுன்டர் மரணங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் வகுத்த நெறிகள் எத்தனையோ முறை மீறப்பட்டாலும், மீறல் என்று சுட்டிக்காட்ட அங்கே எழுத்து இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை.

விதி மறைந்திருந்தால் அதிகாரத்தில் இருப்பவர் வாய்க்கு வந்ததே விதியாகிவிடும். 2013 ஆகஸ்டில் பினாங்கு சுங்கை நிபோங்கில் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே மாதத்தில் அன்றைய உள்துறை அமைச்சர் அகமட் ஸாஹிட் ஹமிடி, ஆதாரம் கிடைத்தால் எச்சரிக்கை தேவையில்லை, முதலில் சுடுவோம் என்ற பொருளில் மலாக்காவில் பேசினார். உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் கொல்லும் நோக்கில் சுடலாம் என்பது ஐநாவின் 1990ஆம் ஆண்டுக் கோட்பாடு. நம் விதி வெளியே தெரிந்திருந்தால், அமைச்சர் அதை மீறிப் பேசுகிறாரா என்று கூட்டத்தில் ஒருவராவது எழுந்து கேட்டிருப்பார்.

2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையமும் இங்கே உதவாது. நிலையான உத்தரவுகளுக்கு உட்பட்ட செயல்களை அதன் சட்டமே அதன் வரம்புக்கு வெளியே தள்ளிவிட்டது. மரண விசாரணையிலும் இதே நிலைதான்: தடுப்புக்காவலில் இறந்தால் அது கட்டாயம். தெருவில் சுடப்பட்டு இறந்தால் கட்டாயமில்லை. இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்தே விட்டுவைத்த ஓட்டை இது.

நிபோங் திபாலின் நாடாளுமன்ற உறுப்பினர் ஃபட்லினா சிடேக் அமைச்சரவையில் இருப்பவர். துப்பாக்கிப் பயன்பாடு பற்றிய உத்தரவுகளை நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்லி அவருக்கு எழுதுங்கள். நம் பிள்ளைகள் எந்த விதியின்படி சுடப்படுகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.