காய்ந்த சோயாவுக்கு மீண்டும் ஈரம்

மொன்றியலுக்குத் தெற்கே மொன்ரெறிஜி சமவெளியில், அறுவடை நேரத்தில் வெயிலும் காற்றும் சேர்ந்தடித்தால் வயலில் நிற்கும் சோயாவின் ஈரப்பதம் 9 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கனடாவில் 14 விழுக்காடு வரை உலர்ந்த சோயாவாகவே ஏற்கிறார்கள். விலை எடைக்குத்தான், ஈரம் மிஞ்சினால் பிடித்தம் உண்டு, குறைந்தால் கூடுதலாக எதுவும் கிடையாது. 9 விழுக்காட்டிலுள்ள 100 டன் சோயா 13 விழுக்காட்டுக்கு வந்தால் 104.6 டன் எடை நிற்கும். இந்த இழப்பை ஈடுகட்டத்தான் குதிருக்குள் ஈரக்காற்றை ஊதுகிறார்கள். தண்ணீரை விற்கிறார்கள் என்று இதைக் கண்டிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. குழாய்த் தண்ணீரைத் தெளித்து எடை கூட்டுவது கலப்படம். அமெரிக்கச் சட்டமும் அப்படியே பார்க்கிறது. காற்று தருவதோ, சில நாள் முந்தி அறுத்திருந்தால் அந்த மணியிலேயே இருந்திருக்கக்கூடிய ஈரம்.

ஆனால் எடையை மட்டும் காட்டி இந்த வழக்கத்துக்கு வாதாட முடியாது. மணி 13 விழுக்காட்டில் நிலைக்க, குளிர்ந்த காற்றின் சார்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டை ஒட்டி இருக்கவேண்டும். விசிறியைக் கடக்கையில் காற்று சற்றுச் சூடேறி அந்த அளவு குறையும். அதற்காக மழைநாளில் ஓட்டினால், துளையிட்ட தரையை ஒட்டிய அடுக்கு முதலில் நனைந்து ஊதிப்பெருக்கும். மேலடுக்கு காய்ந்தபடியே கிடக்கும். உப்பிய மணிகள் பக்கவாட்டில் நெருக்கும்போது குதிரின் தகடுகளும் திருகாணிகளும் தாங்காமல் போகலாம். ஈர அடுக்கில் பூஞ்சணம் பிடிக்கும். வாரக்கணக்கில் விசிறி ஓட்ட மின்சாரமும் காவலும் வேண்டும். பனிக்காலம்வரை தள்ளிப்போடவும் வழியில்லை: 10 பாகை செல்சியஸ் காற்று சுமக்கும் நீராவியில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் மைனஸ் 10 பாகைக் காற்று சுமக்கும்.

அப்படியானால் யாருக்கு இது தகும்? செயின்ட் லோரன்ஸ் ஆற்றின் தென்கரையில் பெக்கான்கூர் எண்ணெய் ஆலைக்குப் போகும் சோயாவுக்குத் தேவையில்லை. தோல் நீக்கும் ஆலைகள் உடைப்பதற்கு முன் மணியைப் பொதுவாக 10 விழுக்காட்டளவுக்குக் காயவைக்கின்றன. ஒருவர் மின்சாரம் செலவழித்து ஏற்றிய நீரை இன்னொருவர் எரிபொருள் செலவழித்து இறக்குவது வீண். மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் ஏறி, தோஃபுவுக்கும் மிசோவுக்கும் ஜப்பான் போகும் சோயாவின் கதை வேறு. மிதமிஞ்சிக் காய்ந்த மணி ஒவ்வொரு ஏற்றத்திலும் விழுந்து தோல் வெடிக்கிறது, இரண்டாகப் பிளக்கிறது. பிளந்ததில் எண்ணெய் விரைவில் கெடும், வாங்குபவர் ஒதுக்கிவிடுவார். அங்கே காப்பாற்றப்படுவது முழு மணி. அதற்கும்கூட, சற்று ஈரமான இன்னொரு சுமை கையில் இருந்தால் அளவறிந்து கலப்பதே மலிவு. அது இல்லாதபோது, அக்டோபர் முடிவதற்குள், மணியைக் குதிரிலிருந்து இறக்குவதற்கு முன்பே, விசிறியை ஓட்டலாம்.