சமநிலையும் உழைப்பும்: தொழில்நுட்ப ‘மொட்’கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கலைப்படைப்பொன்றின் சமூக உள்ளடக்கத்தை அதன் கதையிலும் பாத்திரங்களிலும் மாத்திரம் தேடும் வழக்கம் நமது விமர்சனத்திலே நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. கதை முதன்மை பெறாத வடிவமொன்று எதிர்ப்படும்போது அவ்வழக்கம் கைகொடுப்பதில்லை. 2011 இல் முழுமையாக வெளிவந்த மைன்கிராப்ட் அத்தகைய கணினி விளையாட்டு. கட்டிகளாலான உலகொன்றிலே ஆடுபவர் மரம் தறிக்கிறார், நிலம் அகழ்கிறார், விரும்பியதைக் கட்டுகிறார். இவ்விளையாட்டுக்கு வெளியார் எழுதிச் சேர்க்கும் நிரல்கள் ‘மொட்’ என வழங்கும். எந்திரங்களையும் மின்வலைகளையும் அதனுட் புகுத்துவன பில்ட்கிராப்ட், இண்டஸ்ட்ரியல்கிராப்ட், கிரெக்டெக் போன்ற மொட்கள். இவற்றை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வது நம்மவர் சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆயின் உற்பத்தியையே தனது முழுப் பொருளாகக் கொண்ட கலைவடிவங்கள் வேறெத்தனை உள?

மொட்களைப் பேணுவோர் ஓயாது விவாதிக்கும் பிரச்சினை சமநிலையாகும். ஓர் எந்திரத்தை ஆக்க எவ்வளவு செலவாக வேண்டும், அது எவ்வளவு விளைவு தரவேண்டும் என்பதே வினா. பில்ட்கிராப்டின் அகழ்பொறியை ஆக்க 11 வைரங்கள் வேண்டும். ஆக்கிய பின்னரோ, 9க்கு 9 கட்டிப் பரப்பை அடிப்பாறை வரை அது தானே தோண்டித் தருகிறது. கையால் அகழ்ந்தவரின் உழைப்பு அக்கணமே பெறுமதி இழக்கிறது. விசைத்தறி வந்தபின் இங்கிலாந்தின் கைத்தறியாளருடைய ஒருமணி உழைப்பின் பெறுமதி பாதியாக வீழ்ந்தமையை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் அதிகாரத்திலே எடுத்துக்காட்டியதை இங்கு நினைவுகூரலாம்.

இண்டஸ்ட்ரியல்கிராப்டின் துணைநிரலாக 2012 இல் தோன்றிய கிரெக்டெக் இதற்கு எதிர்வினை எனலாம். மூல விளையாட்டில் ஒரு மரக்குற்றி நான்கு பலகைகளைத் தரும். கிரெக்டெக்கில் வெறுங்கைக்கு இரண்டே கிடைக்கும். நான்கும் வேண்டுமெனில் அரமும் சுத்தியலும் கொண்டு இரும்பில் ஆக்கிய வாள் வேண்டும். உற்பத்திக் கருவியில் முன்னைய உழைப்பு உறைந்துள்ளது என்ற உண்மையை இச்சிறு விதி ஆடுபவரின் கையிலேயே உணர்த்திவிடுகிறது. பாராட்டத்தக்க அம்சம் இது. ஆனால் அம்மொட்டின் பிற்கால வளர்ச்சியில், நீண்ட வேலையே நல்ல வேலை என மயங்கும் போக்கும் தலைகாட்டுவதை மறுக்கமுடியாது. அது ஆலை முதலாளியின் ஒழுக்கநெறி.

சந்தையிலே பெறுமதி உற்பத்தியாளரின் முதுகுக்குப் பின்னால் தீர்மானமாகிறது. மொட்டிலோ ஒருவர் அமர்ந்து எண்ணை எழுதுகிறார், பிடிக்காதோர் வாதிடுகின்றனர், எண் மாறுகிறது. பற்றாக்குறை மனிதரால் ஆக்கப்படுவது என்பது இங்கு மறைவின்றிப் புலப்படுகிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், ஜாம் போத்தலிலே பஞ்சுத் திரியிட்டு, சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்த யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை எவரும் விளக்கவேண்டியதில்லை.

பேணுவோரின் நிலை பற்றி ஒரு வார்த்தை. மைன்கிராப்டை உருவாக்கிய நிறுவனத்தை 2014 இல் மைக்ரோசொப்ட் 250 கோடி டொலருக்கு வாங்கியது. உரிமையாளர் புதிய பதிப்பை வெளியிடுந்தோறும் மொட்கள் பழுதுபடுகின்றன. அவற்றைச் செப்பனிடும் உழைப்பு பெரும்பாலும் ஊதியமற்றது. மொட்டை விற்பதற்கோ உரிம ஒப்பந்தம் இடந்தருவதில்லை. மூலநிரலை மூடிவைத்திருந்த ரெட்பவர், ஆக்கியவர் ஓய்ந்ததும் 1.4 பதிப்போடு நின்றுபோயிற்று. அதன் இடத்தை நிரப்ப வந்தோர் அனைத்தையும் புதிதாக எழுத நேர்ந்தது. மாறாக, கிரெக்டெக்கை மையமாகக் கொண்ட ‘நியூ ஹொரைசன்ஸ்’ என்னும் தொகுதி, 2014 இல் வெளிவந்த 1.7.10 பதிப்பின் மீதே பலர் கூடிப் பேணுவதால் இன்றும் வளர்கிறது.

எனினும் இச்சமநிலை எதனை அளக்கிறது? ஆடுபவரின் நேரத்தையே. மைன்கிராப்டிலே சிறு குழியொன்றின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாளி நீர் ஊற்றினால் அது வற்றாத கிணறாகிவிடும். எத்தனை வாளி அள்ளினும் குறையாது. எந்திரங்களுக்கு மிக நுண்ணிய கணக்கெழுதிய மொட்களும் இவ்விதியைப் பெரிதும் அவ்வாறே விட்டுவைத்தன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் வாழ்வோர் இதனைச் சிறு விவரமாகக் கடந்துசெல்ல முடியாது.

இங்கு நன்னீர், சுண்ணக்கற் படையினுள் உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே இறைப்புக்கு எல்லையிட்டது. மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கியது. 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோட்டக்காரனின் வருவாய் உயர்ந்தது, இறைப்பும் பெருகியது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். மொட்டின் கணக்கில் இந்த இயந்திரம் நேரத்தை மீதப்படுத்தும் நற்கருவி. நிலத்தின் கணக்கு வேறு.

நியூ ஹொரைசன்ஸ் இத்திசையில் ஓரடி வைத்துள்ளது. அதில் எரிபொருள் எரிக்கும் எந்திரங்களின் மாசு நிலப்பகுதியிலே தேங்கி ஆடுபவரையே நோயுறச் செய்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில், 2019 இல் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அறிந்த வாசகர்க்கு இவ்விதியின் பொருள் எளிதில் விளங்கும். ஆயினும் அங்கும் மாசு ஆடுபவரின் சொந்த முற்றத்துத் தொல்லையாகவே பெரிதும் அமைகிறது. குடாநாட்டிலே எண்ணெய் கசிந்தது ஒரு வளவில். கைவிடப்பட்டவை அயலார் கிணறுகள். 2022 இன் இறுதியில் வந்த 1.19.3 பதிப்பு, நீர் பெருகும் விதியை நிறுத்திவைக்கும் வசதியைத் தந்துள்ளது. அதனை நிறுத்தியபின், பலர் கூடி ஆடும் உலகில் ஒருவரின் இறைப்பு மற்றவரின் நீரை எவ்வளவு உவராக்கவேண்டும் என்ற எண்ணை யாரேனும் எழுதியாக வேண்டும்.