மாறுதல், மாற்றுதல், திரும்புதல்: பண்டித ரமாபாயின் சாட்சியும் மொழிபெயர்ப்பாளரின் சொற்களும்

1930ஆம் ஆண்டில் பூனா ஏரவாடா மத்திய சிறையிலிருந்து காந்தியடிகள் தம் ஆசிரமத்தாருக்கு வாரந்தோறும் கடிதம் எழுதிவந்தார். அவற்றுள் செப்டம்பரில் எழுதப்பெற்ற இரண்டு கடிதங்கள், பிறருடைய சமயத்தை ஒருவர் எவ்வாறு நோக்க வேண்டும் என்பது பற்றியவை. 'சகிப்பு' எனப் பொருள்படும் சொல் அவருக்கு நிறைவளிக்கவில்லை. பிற சமயம் தம் சமயத்தினும் தாழ்ந்தது என்னும் எண்ணம் அதனுள் ஒளிந்திருப்பதாக அவர் கருதினார். உடனிருந்த காகா காலேல்கர் 'மதிப்பு' என்னும் பொருளுடைய சொல்லை முன்வைத்தார். அதிலும் மேலிருந்து தட்டிக்கொடுக்கும் தொனி இருப்பதாகக் காந்தியடிகள் எண்ணினார். சமய வாழ்வைப் பேசும் சொற்கள் பொருளைச் சுமப்பதோடு பேசுவோன் நிற்கும் இடத்தையும் காட்டிவிடுகின்றன என்பதற்கு இது தக்க சான்று.

ஒருவர் கிறித்தவ நம்பிக்கைக்கு எவ்வாறு வந்து சேர்கிறார் என்பதைச் சொல்லத் தமிழில் உள்ள சொற்களை அந்நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. ஏரவாடா அடங்கிய அதே பூனா மண்ணோடு தொடர்புடைய பண்டித ரமாபாய் (1858–1922) தம் நம்பிக்கையின் வரலாற்றைக் கூறி 1907இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சாட்சி நூல் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பெறுகிறது. அந்நூலைத் தமிழாக்க எண்ணும் ஒருவர் முதற்பக்கத்திலேயே எதிர்கொள்ளும் சிக்கல்கள், நம் சமயச் சொல்லாட்சி முழுமைக்கும் பொருந்துவன என்பது என் கருத்து.

முதலில் வரலாறு. ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே தம் மனைவிக்கும் மகளுக்கும் வடமொழி கற்பித்தவர். குடும்பம் புராணம் வாசித்தபடி நாடெங்கும் தலயாத்திரையாகத் திரிந்தது. 1870களில் தென்னாட்டில் வறுமையிலும் பட்டினியிலும் பெற்றோரும் தமக்கையும் மாண்டனர். 1878இல் கல்கத்தாப் பண்டிதர்கள் ரமாபாயின் புலமையைக் கண்டு 'பண்டிதா', 'சரஸ்வதி' என்னும் பட்டங்களை அளித்தனர். 1880இல் வங்க வழக்கறிஞர் ஒருவரைச் சாதி கடந்து மணந்தார். 1882இல் கணவர் வாந்திபேதியால் இறந்தார். கணவர் வீட்டு நூல்களிடையே வங்கமொழி லூக்கா நற்செய்தி இவருக்குக் கிடைத்தது. பூனா வந்தபின் நெகேமியா கோரேயின் விளக்கங்கள் இவரைப் பெரிதும் பாதித்தன. 1883இல் இங்கிலாந்து சென்று, வான்டேஜ் நகரில் செப்டம்பர் 29ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார்.

வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோர் பலர் இத்துடன் 'மதம் மாறினார்' என முடித்துவிடுவர். ரமாபாயின் சொந்தக் கூற்று இங்கு முடிவதில்லை. ஞானஸ்நானம் பெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பிறகே, தாம் அதுவரை கண்டடைந்தது கிறித்தவ மதத்தைத்தான், கிறிஸ்துவை அன்று என்று உணர்ந்ததாக அவர் எழுதுகிறார். அவ்வுணர்வுக்கு வழிகோலியவற்றுள் ஒன்று வில்லியம் ஹாஸ்லம் என்னும் ஆங்கிலிக்கக் குருவின் தன்வரலாறு. ஹாஸ்லமோ, ஏற்கெனவே குருவாயிருந்து, 1851இல் தம் பிரசங்கத்தினிடையே தாமே மனந்திரும்பியதாகச் சொன்னவர்! 'கிறித்தவர் ஆதல்' என்பதும் 'நம்பிக்கைக்கு வருதல்' என்பதும் ஒரே நிகழ்ச்சி அல்ல என்பதை இவ்விருவரின் வாழ்வும் காட்டுகின்றன. இரண்டுக்கும் ஒரே வினையைப் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பு, நூலின் நடுமுதுகெலும்பையே எடுத்துவிட்டதாகும்.

இனி வினைகளைக் காண்போம். தமிழ் வினைகளுள் ஒரு பெரும்பகுதி தன்வினை–பிறவினை இணைகளாக வழங்குவதையும், அவ்விணைகளில் செயலின் விளைவு யாரைச் சார்கிறது என்பதே அடிப்படை வேறுபாடு என்பதையும் கு. பரமசிவம் 1979இல் வெளியான தம் ஆய்வில் விரிவாக நிறுவினார். திரும்பு–திருப்பு, மாறு–மாற்று, சேர்–சேர்த்தல் ஆகியவை இவ்வகையின. 'அவர் மதம் மாறினார்' என்னும்போது மாற்றம் நிகழும் இடமும் மாறுபவரும் ஒருவரே. 'அவரை மதம் மாற்றினர்' என்னும்போது செயல் வேறொருவர் கையில் இருக்கிறது. வாக்கியத்தில் இவ்வேறுபாடு ஐயத்திற்கு இடமின்றி நிற்கிறது. பெயராக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. 'மதமாற்றம்' என்னும் தொடரில் உள்ள 'மாற்றம்' என்பது ஏறு–ஏற்றம், தோன்று–தோற்றம் என்பனபோல 'மாறு' என்னும் தன்வினையிலிருந்து பிறந்தது. ஆயினும் இரட்டித்த றகரத்தால் அது 'மாற்று' என்பதன் பெயர்போலவும் ஒலிக்கிறது. ஆகவே ஒருவர் தாமாக மாறியதையும் பிறர் அவரை மாற்றியதையும் ஒரே சொல் மூடிவிடுகிறது. நாளிதழ்களில் இச்சொல்லைப் படிப்பவர், எவரோ எவரையோ ஏதோ செய்துவிட்டனர் என்றே பெரும்பாலும் பொருள் கொள்கின்றனர்.

இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. 1977இல் ஸ்டேனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறதேயன்றி மற்றொருவரைத் தம் சமயத்திற்கு மாற்றும் உரிமையைத் தரவில்லை என்று கூறியது. அத்தீர்ப்பின் கருத்து முழுவதும் ஒரு வினையின் பிறவினைப் பொருளைச் சார்ந்துள்ளது. தமிழ்நாட்டில் 2002இல் இயற்றப்பட்டு 2004இல் திரும்பப் பெறப்பட்ட சட்டமும் 'கட்டாய மதமாற்றத் தடை' என்றே தமிழில் வழங்கியது. 'கட்டாய' என்னும் அடைமொழியை நீக்கிப் பேசுவோர் பலர். அடைமொழி போனபின் எஞ்சும் சொல் இருபொருட்டாதலின், தாமாக மாறியவரும் குற்றத்தின் நிழலில் வந்து நிற்கிறார். சட்டம் எழுதுவோரும் செய்தி எழுதுவோரும் 'மாறுதல்', 'மாற்றுதல்' என்று பிரித்தெழுதினால் என்ன குறைந்துவிடும்?

ரமாபாயின் வாழ்விலேயே இம்மயக்கத்தின் விளைவைக் காணலாம். 1889இல் பம்பாயில் தொடங்கி மறு ஆண்டே பூனாவுக்கு மாற்றப்பெற்ற அவருடைய சாரதா சதனம் என்னும் விதவையர் பள்ளியில், மாணவியர் அவருடைய வேண்டுதலில் தாமாகக் கலந்துகொண்டனரா, கலந்துகொள்ளச் செய்யப்பட்டனரா என்பதே 1893இல் எழுந்த பூசல். ரானடே, பண்டார்க்கர் ஆகியோர் அடங்கிய ஆலோசனைக் குழுவினர் விலகினர். தன்வினையா பிறவினையா என்னும் வினாவுக்கு ஒரு நகரமே இரண்டாகப் பிரிந்து விடை சொல்லிற்று.

நம்பிக்கைக்கு வந்தவர்கள் தம்மைப் பற்றிக் கூறும்போது 'மதம் மாறினேன்' என்று சொல்வது அரிது என்பதும் கருதத்தக்கது. அது வெளியில் நிற்பவரின் சொல். உள்ளிருப்பவர் 'இரட்சிக்கப்பட்டேன்' என்பர். அல்லது 'ஏற்றுக்கொண்டேன்' என்பர். முன்னது செயப்பாட்டு வினை. பேச்சுத் தமிழில் அருகி வழங்கும் '-படு' வடிவம் கிறித்தவத் தமிழில் இவ்வளவு செழித்ததற்கு மொழிபெயர்ப்பின் செல்வாக்குக் காரணமாகலாம். பின்னது 'கொள்' என்னும் துணைவினையால், செயலின் பயனைச் செய்தவனுக்கே உரியதாக்குகிறது. இறைவன் செய்தான், நான் செய்தேன் என்னும் இரு இறையியல்களும் ஒரே சாட்சியில் அடுத்தடுத்த வாக்கியங்களில் இணக்கமாக வாழ்கின்றன. இறையியலாருக்கு இது முரணாகப் படலாம், மொழியியலாருக்கு வியப்பில்லை.

'மனந்திரும்புதல்' என்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. கிரேக்க மூலத்தில் மனம் வேறுபடுதலைக் குறிக்கும் சொல்லும் திரும்பி வருதலைக் குறிக்கும் சொல்லும் தனித்தனியே உள்ளன. எபிரேயத்தில் திரும்புதலே மேலோங்கியது. தமிழ்த் தொகை இரண்டையும் ஒரு சொல்லில் பிணைத்துவிட்டது. நல்ல ஆக்கம் என்றே இதனைச் சொல்ல வேண்டும். (சீர்திருத்தச் சபையார் விவிலிய மொழிபெயர்ப்பையே 'திருப்புதல்' என்பதும் நம்மனோர்க்கு மகிழ்ச்சி தரும்.) ஆயின் 1871இல் வெளிவந்த பவர் திருப்புதலில் இதனோடு இணைந்து வரும் 'குணப்படு' என்னும் சொல் இன்று நோய் தீர்தலை மட்டுமே குறிப்பதாயிற்று. இன்றைய வாசகர் அங்கே மருத்துவமனையை நினைக்கிறார். மராத்தி விவிலியத்தில் இவ்விடத்துக்குரிய சொல் 'பஸ்சாத்தாப்'. பின்னர் வரும் எரிவு, அதாவது கழிவிரக்கம். திரும்புதல் அதில் இல்லை, வருந்துதலே உள்ளது. ஏரவாடாவில் வாழ்ந்து இருமொழியிலும் வழிபடும் தமிழர் ஒருவர், காலையில் திரும்பவும் மாலையில் வருந்தவும் அழைக்கப்படுகிறார் எனலாம்.

கோரேயின் வரலாற்றிற்கு 'பஸ்சாத்தாப்' பொருந்தாது. 1840களில் கிறித்தவத்தை மறுத்து வடமொழியில் நூல் எழுதியவர் அவர். மறுப்பதற்காகப் படித்தவர், 1848இல் ஜௌன்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின்னும் ஐயங்கள் அவரை விட்டபாடில்லை. வாதத்தின் வழியே வந்தவர் அவர். மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலகரோ, இரயிலில் உடன்பயணி ஒருவர் தந்த புதிய ஏற்பாட்டைப் படித்து 1895இல் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் மனைவி இலட்சுமிபாய் கணவரின் முடிவால் உள்ளம் உடைந்து, பிரிந்து வாழ்ந்து, தம் வழியே மெல்ல நடந்து 1900இல் வந்து சேர்ந்தார். அவருடைய தன்வரலாறாகிய 'ஸ்மிருதிசித்திரே'யில் அழுகையும் நகைப்பும் நிரம்ப உண்டு. தமிழில் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் கிறித்தவரானார். 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' அவ்வனுபவத்தை நெடும்பயணமாக விரித்தது. வாதம், வாசிப்பு, குடும்பம், பயணம் என வழிகள் இத்தனை. இவற்றையெல்லாம் 'எந்த நாளில் இரட்சிக்கப்பட்டீர்கள்?' என்னும் ஒற்றை வினாவுக்குள் அடைக்க முயலும் இன்றைய சாட்சி வழக்கு, கதையின் காலத்தைக் கணமாகச் சுருக்கிவிடுகிறது. முன்பு இருள், பின்பு ஒளி, இடையே ஒரு கூட்டம்: இவ்வாய்பாட்டில் ரமாபாயின் எட்டு ஆண்டுகளுக்கு இடமில்லை.

'விசுவாசம்' பற்றிச் சில சொற்கள். இச்சொல் சபைக்கு வெளியே இன்று எசமானிடம் வேலையாள் காட்டும் பற்றையும் நாயின் நன்றியையும் குறிக்கிறது. 'அவரை விசுவாசிக்கிறேன்' என இரண்டாம் வேற்றுமை ஏற்கும்போது பழைய பொருள் ஓரளவு காக்கப்படுகிறது. 'அவரிடத்தில் விசுவாசமாயிருக்கிறேன்' என்னும்போது, உண்மையுடன் பணிபுரிகிறேன் என்றே பிறர் கொள்வர். ஒருவருக்குள் சென்று சேரும் இயக்கத்தை உணர்த்தும் கிரேக்க முன்னிடைச்சொல்லை எவ்வுருபும் தாங்கவில்லை. 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' 'நம்பிக்கை'யைத் தேர்ந்தது. நான் அதனை ஆதரிக்கிறேன். 'நம்பிக்கை' மெலிந்த சொல், நாளை மழை வரும் என்பதற்கும் பயன்படுகிறது என்பர் மறுப்போர். சுந்தரரை நம்பி என்றழைத்த மொழியில் அச்சொல் மெலிந்தது எனல் பொருந்தாது.

ரமாபாய் இவ்விடத்தில் நமக்கு முன்னோடி. கேட்காவில் முக்தி இல்லத்தை நிறுவியபின் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, எழுத்தறிவு குறைந்த பெண்களுக்கும் விளங்கும் மராத்தியில் விவிலியம் முழுவதையும் பெயர்த்தார். வடமொழிக் கடலில் பிறந்து வளர்ந்தவர், பழைய சமயப் பொருள் தோய்ந்த வடசொற்களை வேண்டுமென்றே விலக்கினார். அவர் மறைவுக்குப் பின் 1924இல் அது வெளிவந்தது. நோபிலி மதுரையில் செய்தது இதற்கு எதிர்த்திசை: மேற்குலத்தார் செவிக்கு இசையும் வடசொற்களை அவர் தேடிச் சேர்த்தார். ஏரவாடாவை அடுத்த நகர் சாலையில் அவர் பெயர் தாங்கிய இயேசு சபைக் கல்லூரி இருக்கிறது; ரமாபாயின் கேட்காவும் அதே மாவட்டத்தில்தான். இருவருள் எவர் வழி சரி என்பதை வாசகர் யார் என்று கேட்காமல் தீர்மானிக்க இயலாது.

இறுதியாக ஒரு சொல். தமிழர் 'இரட்சிப்பு' என்றும் 'மீட்பு' என்றும் கூறுவதை மராத்தியர் 'தாரண்' என்பர். கரையேற்றுதல் என்பது அதன் வடமொழிப் பொருள். ஆனால் இன்றைய மராத்தியில் அச்சொல்லுக்குக் கடனுக்கு ஈடாக வைக்கும் பொருள் என்றும் பொருளுண்டு. நகைக்கடன் விளம்பரங்களில் 'சோனே தாரண் கர்ஜ' என்று எழுதியிருக்கும். தமிழிலோ 'மீட்பு' அதே கடையின் மறுமுனையில் நிற்கிறது: அடகு வைத்த நகையைப் பணம் கட்டித் திரும்பப் பெறுதல். மீட்கும் பணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் அக்கடைக்கு அயலானதன்று. ரமாபாயின் சாட்சியைத் தமிழாக்குவோர் 'இரட்சிப்பு' என எழுதினால் இக்கடை மறைந்துவிடும்; 'மீட்பு' என எழுதினால் மராத்தியில் ஈடாக நிற்கும் பொருள் தமிழில் திரும்பி வரும் பொருளாகிவிடும். ஏரவாடாத் தமிழர் இரண்டு சொற்களையும் அறிந்தவர். அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.